கூரை உடையோர்க்கே மானியமா?

நியூஜெர்சியில் வாழும் என் பள்ளித் தோழி, 2025 டிசம்பர் முடிவதற்குள் தன் வீட்டில் ஹீட் பம்ப் பொருத்திவிட வேண்டும் என்று பதறிக்கொண்டிருந்தாள். அவள் பதறியதற்குக் காரணம் இருந்தது. 2022ஆம் ஆண்டின் பணவீக்கக் குறைப்புச் சட்டம், ஹீட் பம்ப் வாங்குவோருக்குச் செலவில் 30 விழுக்காட்டை, 2,000 டாலர் உச்சவரம்போடு, வருமான வரியில் கழித்துக்கொள்ள இடமளித்தது. 2032 வரை நீடிக்கும் என்று சொல்லப்பட்ட அச்சலுகையை, 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான புதிய சட்டம் அவ்வாண்டு டிசம்பர் 31ஆம் நாளோடு முடித்துவிட்டது. ஏழு ஆண்டுகள் முன்கூட்டியே ஒரு கொள்கை மடிந்ததைப் பற்றி ஆய்வாளர்கள் நிறைய எழுதுகிறார்கள். எழுதட்டும். எனக்கு அதைவிட முதன்மையாகத் தோன்றுவது வேறொன்று. அச்சலுகை உயிரோடிருந்த காலத்திலும் அது வரிக்கழிவாகவே இருந்தது. கட்டவேண்டிய வரியே இல்லாத ஏழைக் குடும்பத்துக்கு அதனால் ஒரு காசும் கிடைத்திருக்காது.

தோழியின் குறுஞ்செய்திகள் வந்த நாள்களில் நான் கள ஆய்வுக்காகப் பொன்முடியில் இருந்தேன். கல்லாற்றைக் கடந்து 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வரும் மலை அது. திருவனந்தபுரத்து மக்களுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சுற்றுலா. மூடுபனியைப் படமெடுத்துக்கொண்டு மாலையில் இறங்கிவிடுவோருக்கு, அம்மலைச் சரிவுகளில் தேயிலை பறிப்போர் அந்தப் பனியில் எப்படிக் குளிக்கிறார்கள் என்று எண்ண நேரமிராது. நான் சென்ற லயத்தில் பத்து வீடுகள். ஒவ்வொரு வீட்டின் பின்புறத்திலும் கல்லடுப்பு. அதன்மேல் கரிபிடித்த அலுமினியக் குடம். விறகு பொறுக்குவது பெண்களின் வேலை. மழைமாதங்களில் ஈரவிறகின் புகை வீட்டுக்குள்ளேயே சுற்றிவருகிறது.

ஹீட் பம்ப் என்பது மாயப்பொருளன்று. குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம் சுடுவதை எல்லோரும் அறிவோம். உள்ளிருக்கும் வெப்பத்தை அது வெளியே தள்ளுகிறது. அதே பொறியமைப்பு வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை உறிஞ்சித் தண்ணீரில் சேர்த்தால் அது ஹீட் பம்ப். வெப்பத்தை உண்டாக்காமல் இடம் மாற்றுவதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கிறது. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 60 லிட்டர் வெந்நீர். 20 பாகை செல்சியஸிலிருந்து 40க்கு உயர்த்த 1.4 யூனிட் வெப்பம் வேண்டும். பத்து வீடுகளுக்கும் சேர்த்து 14 யூனிட். சாதாரண கெய்சர் அத்தனை மின்சாரத்தையும் விழுங்கும். லயத்துக்குப் பொதுவான ஒரு ஹீட் பம்ப் ஐந்து யூனிட்டுக்குள் முடித்துவிடும். பொன்முடியின் குளிர் ஐரோப்பியக் குளிர் அன்று. உறைபனி இல்லை, காற்றில் உறிஞ்சுவதற்கு வெப்பம் தாராளமாக உண்டு. வெயிலை நம்பியிருக்கும் சூரிய வெந்நீர்ச் சாதனம் மேகம் மூடிய நாளில் சோர்ந்துவிடும் அதே மலையில், இது சோராது.

ஆனால் நம் ஊக்கத்தொகைகளின் வரலாறு சூரியனையும் கூரையையும் சுற்றியே அமைந்தது. 2010இல் தொடங்கிய தேசிய சூரிய ஆற்றல் இயக்கத்தின் கீழ்ச் சூரிய வெந்நீர்ச் சாதனங்களுக்கு மூலதன மானியம் கிடைத்தது. 2014இல் அது நிறுத்தப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் அவற்றின் மீதான ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5ஆகக் குறைந்ததும் வாங்கும் வசதியுள்ளோருக்கே ஆறுதல். 2024 பிப்ரவரியில் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தின் ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். இலக்கு ஒரு கோடி வீடுகள். முதல் இரண்டு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் வீதம், மூன்றாவதற்கு 18,000, ஆக உச்சம் 78,000. திட்டத்தின் தகுதி விதிகளில் ஒன்று, விண்ணப்பதாரர் தகடு பொருத்தத்தக்க கூரையுடைய சொந்த வீட்டை உடையவராய் இருக்க வேண்டும் என்பது.

இவ்விதியை லயத்தில் ஓர் அம்மாளுக்கு விளக்கினேன். நாற்பது ஆண்டு கொழுந்து கிள்ளியவர்; பேச்சில் இன்னும் நாகர்கோவில் வாடை. அவர் சிரித்துக்கொண்டே, "கூரை கம்பெனிக்குள்ளதுல்லா மக்களே. ஒழுகுறது மட்டுந்தான் எங்களுக்கு" என்றார்.

பொருளியலில் இதற்குப் பிளவுபட்ட ஊக்கம் என்று பெயர். கருவிக்குப் பணம் போட வேண்டியவர் ஒருவர். அதனால் பயன்பெறுபவர் மற்றொருவர். வாடகை வீடுகளைப் பற்றிய ஆய்வுகளில் இது தேய்ந்த சொல். பிரிட்டனில் ஹீட் பம்புக்கு 2023 அக்டோபர் முதல் 7,500 பவுண்டு தரும் திட்டத்திலும் விண்ணப்பிப்பவர் வீட்டின் உரிமையாளரே. ஆனால் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் உரிமையாளரும் அதைப் பெறலாம். லயத்தின் சிக்கல் அதைவிட ஆழமானது. இங்கே வாடகைச் சந்தையே இல்லை. வசதி கூடினால் வாடகை கூட்டலாம் என்ற ஆசைகூடத் தோட்ட நிர்வாகத்துக்குக் கிடையாது. குடியிருப்போர்க்கோ வேலை போனால் வீடும் போகும். அப்படியிருக்க எவர் சுவரில் ஆணியடிப்பார்?

இங்கே வழக்கமாக எழும் மறுமொழி, மானியத்துக்கு ஏதேனும் ஒரு பிடி வேண்டாமா, இல்லாவிடில் முறைகேடு பெருகாதா என்பது. பிடி வேண்டும்தான். அது சொத்துரிமையாகவே இருக்க வேண்டும் என்பதை மட்டும் நான் ஏற்பதில்லை. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டம் எவருடைய கூரையையும் கேட்கவில்லை; அரசு நிறுவனம் மொத்தமாக வாங்கியதால் எல்இடி பல்பின் கொள்முதல் விலை முந்நூறு ரூபாய்க்கு மேலிருந்து சில ஆண்டுகளிலேயே நாற்பதுக்குக் கீழே இறங்கியது. கேரளத்தின் குண்டு பல்பு ஒழிப்புத் திட்டம் பல்பின் விலையை மின்கட்டணத்தோடு தவணையாகச் செலுத்த வழிசெய்தது. எல்லாவற்றையும்விட எனக்கு நம்பிக்கை தருவது உஜ்வாலா. 2021 ஆகஸ்டில் அதன் இரண்டாம் கட்டம் தொடங்கியபோது, புலம்பெயர் தொழிலாளர் குடும்பங்களுக்கு ரேஷன் அட்டையும் முகவரிச் சான்றும் கட்டாயமில்லை, தன்னுறுதி மொழியே போதும் என்று விதி தளர்த்தப்பட்டது. அடுப்புக்கு அது முடிந்ததென்றால் வெந்நீருக்கு ஏன் முடியாது? சூர்ய கர் திட்டத்திலேயே, வீட்டாரின் சார்பில் மின்வாரியமோ மாநில அரசு குறிக்கும் நிறுவனமோ தகடுகளைப் பொருத்தும் முறைக்கு இடமுண்டு. அதை லயங்களுக்கான பொது ஹீட் பம்புக்கு நீட்டலாம் என்பதே என் ஆய்வேட்டின் நான்காம் இயலில் நான் முன்வைக்கும் வாதம். ஸ்ரீகாரியத்தில் இயங்கும் மாநில ஆற்றல் மேலாண்மை மையம் பொன்முடியிலிருந்து தொலைவில் இல்லை. முன்னோடி முயற்சிக்கு ஒரு லயம் போதும்.

சட்டப் பகுதியில்தான் எனக்கு உதவி தேவைப்படுகிறது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளர்க்கு வீடு தரும் பொறுப்பை முதலாளியின்மேல் சுமத்தியது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புத் தொகுப்பு அதற்கு மாற்றாக அமைந்து, குடிநீர், சமையலறை, கழிப்பறை ஆகியவற்றையும் சேர்த்து வீட்டுவசதி என்கிறது. இப்பட்டியலில் வெந்நீரையும் சேர்த்துப் படிக்க இடமுண்டா? அரசு செலவில் பொருத்தும் கருவி, நிலம் கைமாறும்போது எவருக்குச் சேரும்? தொழிலாளர் சட்டத்திலும் தோட்ட வரலாற்றிலும் ஆய்வு செய்யும் நண்பர்கள், நீலகிரி, வால்பாறை, மூணாறு, மலையகம் ஆகிய பகுதிகளின் அனுபவத்தோடு இவ்விரு கேள்விகளுக்கும் எழுதினால் நன்றியுடையேன். இயலின் வரைவு கேட்போர்க்கு அனுப்பி வைக்கிறேன்.