தொட்டியைச் சுற்றிப் போகும் தண்ணீர்

மூங்கில்துறைப்பட்டுக்குப் பக்கத்திலேயே தென்பெண்ணை ஓடுகிறது, மேலே சாத்தனூர் அணை. 2024 டிசம்பரில் அந்த அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி இறங்கி வந்தது. இருந்தும் மேல்நிலைத் தொட்டியை ஒருநாள் மூடினால் போதும், தெருவெல்லாம் காலிக் குடம். தொட்டியைக் கழுவவோ உள்பூச்சு பூசவோ வேண்டும், ஊருக்குத் தண்ணீரும் நிற்கக் கூடாது என்றால் வழி ஒன்றுதான்: மோட்டாரிலிருந்து ஏறும் குழாயையும் தெருவுக்கு இறங்கும் குழாயையும் தரையிலேயே இணைப்பது. அதற்குப் பெயர் பைபாஸ் லைன். அண்ணனிடம் குழாய்த் தொழில் பழகச் சேர்ந்த நான் முழுசாகக் கற்ற முதல் வேலை இது.

பார்வைக்கு இரண்டு டீ இணைப்பு, நடுவே ஒரு கேட் வால்வு, சில அடி குழாய். தண்ணீர் அதிகம் தேவைப்படும் நாளைத் தவிர்க்க அண்ணன் அதற்கே நாள்காட்டி பார்ப்பார். முகூர்த்தமா, அமாவாசையா, பக்கத்துத் தெருவில் காதுகுத்தா என்று விசாரித்த பிறகுதான் ரம்பத்தை எடுப்பார். காலைத் தண்ணீர் விட்டு முடிந்ததும் அறுத்தாக வேண்டும், மாலைக்குள் சேர்த்தாக வேண்டும்.

அறுத்த குழாயில் தண்ணீர் முழுசாக வடியவே வடியாது, நூலாகக் கசிந்துகொண்டே இருக்கும். ஈரத்தில் சால்வென்ட் பசை பிடிக்காது. அதனால் துணிப்பந்தை உள்ளே திணித்து அடைப்போம். பந்தில் கட்டிய கயிறு வெளியே தொங்க வேண்டும், இல்லாவிட்டால் துணி ஊர்க்குழாயோடு போய்விடும். விளிம்பை அரத்தால் சாய்வாகத் தேய்த்து, துடைத்து, இரண்டு பக்கமும் பசை தடவி, கால் சுற்று திருகியபடி அழுத்திப் பிடிக்க வேண்டும். விட்டால் குழாய் தானே பின்னால் நழுவும். வால்வு ஃபிளாஞ்சில் போல்ட்டை வரிசையாக முடுக்கக் கூடாது. எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினால்தான் ரப்பர் ஒருபக்கம் பிதுங்காது. டீக்குப் பின்னால் கான்கிரீட் முட்டு கட்டாயம். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு டிராக்டர் போகிற வழியென்றால் ஒரு மீட்டராவது ஆழம் வேண்டும்.

இதையெல்லாம் கை பழகிவிடும். வால்வு திருப்புவதுதான் உண்மையான தொழில். "தம்பி, தண்ணி போறதுக்கு ஒரு வழி தொறக்காம மோட்டாரைத் தொடாதே" என்பார் அண்ணன். எல்லாம் மூடியிருக்க மோட்டார் ஓடினால் ஏதாவது ஒரு ஜாயிண்ட் பிய்த்துக்கொள்ளும். பைபாஸைத் திறந்துவிட்டுத் தொட்டியின் அவுட்லெட்டை மூட மறந்தால் தண்ணீர் கீழிருந்தே தொட்டிக்குள் ஏறும். உள்ளே ஆள் நின்று தேய்த்துக்கொண்டிருப்பார்.

அழுத்தமும் மாறுகிறது. 10 மீட்டர் உயரத் தண்ணீர் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம். 12 மீட்டர் தொட்டி தெருவுக்குக் கொடுப்பது ஒன்றேகால் கிலோவுக்குள்தான். மோட்டார் நேராகத் தள்ளினால் அது பல மடங்காகலாம். பழைய வீட்டு இணைப்புகள் தாங்காது. அதனால் கடைசித் தெருக்குழாய் ஒன்றைத் திறந்தே வைப்போம். தண்ணீர் வீணாகிறதே என்று அங்கே திட்டு வாங்குவதும் எடுபிடியின் வேலைதான்.

பிளீச்சிங் பவுடர் கரைப்பது தொட்டியில். தொட்டியைத் தாண்டிப் போகும் தண்ணீருக்கு அது கிடைக்காது. மோட்டார் அறையிலேயே குளோரின் சேர்த்து, கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சுகிறதா என்று குளோரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். பல இடங்களில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

பெரிய ஊருக்கும் இதே கதைதான். நியூயார்க்குக்குக் குடிநீர் கொண்டுபோகும் டெலவேர் சுரங்கக் குழாய் கசிந்ததால் ஹட்சன் ஆற்றுக்கடியில் சுமார் 4 கிலோமீட்டருக்கு பைபாஸ் குடைந்தார்கள். 2019இல் குடைந்து முடித்தாயிற்று. 2024 அக்டோபரில் இணைப்பதற்காகப் பழைய வழியை மூடினார்கள்; வறட்சி வந்ததால் நவம்பரிலேயே வேலையை ஒத்திவைத்தார்கள். அவர்களும் நாள் பார்க்க வேண்டியிருக்கிறது.

புதுத் தொட்டி கட்டும் ஊராட்சிகளுக்கு ஒரு வேண்டுகோள்: கட்டும்போதே இந்த இரண்டு டீயையும் வால்வையும் போட்டுவிடுங்கள். அப்போது சில மணி நேர வேலை. பின்னால் போடுவதென்றால் ஊர்த் தண்ணீரை நிறுத்த வேண்டும்.