செயின் ஏன் உரசுகிறது?

சத்தத்தை முதலில் கேட்டது மனைவிதான். மாலை ஏழு மணி. கட்கி பஜாருக்குப் போன கணவர் திரும்பும் நேரம். வழக்கமாகத் தெருமுனையில் ஒரு மணியோசை, பிறகு ஃப்ரீவீலின் டிக்டிக், பிறகு வாசலில் ஸ்டாண்ட் போடும் சத்தம். அன்று நடுவில் புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது. இரும்பை இரும்பு தேய்க்கும் 'கர்ர்' சத்தம்.

"செயின் உரசுதுங்க" என்றார் மனைவி.

"எண்ணெய் போட்டா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு அவர் நேராகக் குளிக்கப் போய்விட்டார். பையைப் பிரித்தால் தக்காளியில் பாதி நசுங்கியிருந்தது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று மனைவி நினைத்துக்கொண்டார்.

எழுபதைத் தாண்டியவர் அவர். ஆரணிப் பக்கத்திலிருந்து 1976-ல் புனேக்கு வந்து, கட்கியில் உள்ள வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்தார். 1869-ல் தொடங்கப்பட்ட தொழிற்சாலை அது. காலையில் சங்கு ஊதும் நேரத்தில் வாயிலில் மனிதர்களைவிட ஹேண்டில்பார்கள்தான் அதிகம் தெரியும். புனேயைச் சைக்கிள்களின் நகரம் என்று சொன்ன காலம். 1979-ல் அவரும் ஒரு கறுப்பு அட்லஸ் வாங்கினார். 22 அங்குல ஃபிரேம், கம்பி பிரேக், கெட்டியான கேரியர். அதில்தான் மனைவி மகப்பேற்றுக்கு முந்தின மாதம் வரை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார். அதில்தான் மகள் பள்ளிக்கூடம் போனாள். 2013-ல் அவர் ஓய்வு பெற்றார். சைக்கிளுக்கு ஓய்வு கொடுக்கவில்லை.

இத்தனை வருஷங்களில் வெளியாள் கை அதில் பட்டதில்லை. பஞ்சர், பால்ஸ் மாற்றுவது, கோட்டம் எடுப்பது எல்லாம் அவரே. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி எண்ணெய். நாட்காட்டியில் அந்தத் தேதியின் மேல் பென்சிலால் ஒரு சிறு வட்டம். 2020 ஜூன் 3 அன்று, உலக சைக்கிள் தினத்தன்றே, அட்லஸ் நிறுவனத்தின் சாஹிபாபாத் தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்தியதாகச் செய்தி வந்தபோது டி.வி.யை அணைத்துவிட்டு வெளியே போய் சைக்கிளைத் துடைத்தவர் அவர்.

அதனால் செயின் உரசுவது அவருக்கு ஒரு பிரச்னையாகவே இருந்திருக்கக் கூடாது.

மறுநாள் எண்ணெய் போட்டார். சத்தம் கொஞ்சம் மென்மையானதே தவிர நிற்கவில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றிக் காது கொடுத்தார். தொழில் தெரிந்தவர்களுக்கு இந்தச் சத்தத்தில் ஒரு கணக்கு உண்டு. பெடல் ஒரு சுற்று வரும்போது ஒரே ஒரு முறை 'டக்' என்றால் முன் பற்சக்கரம் வளைந்திருக்கிறது, அல்லது காட்டர் பின் தேய்ந்து கிராங்க் ஆடுகிறது. இரண்டரைச் சுற்றுக்கு ஒரு முறை என்றால் செயினில் ஏதோ ஒரு கண்ணி இறுகிக் கிடக்கிறது. முன்னால் 44 பல், செயினில் 110 கண்ணி என்றால் செயின் முழுதாய் ஒரு வலம் வர பெடல் இரண்டரை முறை சுற்ற வேண்டும். மேட்டில் அழுத்தி மிதிக்கும்போது மட்டும் கேட்டால் கிராங்க் அச்சின் கப்பு தளர்ந்திருக்கலாம். விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தால், செயின் ஓடும் பாதையே ஃபிரேமுக்கு அருகில் வந்துவிட்டது என்று பொருள்.

அவர் சைக்கிளில் சத்தம் விடாமல் கேட்டது.

தொய்வுதான் காரணம் என்று முடிவு செய்தார். நியாயமான முடிவு. பழகிய செயின் நீளும், நீண்டால் தொங்கும், தொங்கினால் கீழே உள்ள குழாயில் அடிக்கும். பின்சக்கரத்தின் இரண்டு நட்டுகளையும் தளர்த்தி, அட்ஜஸ்டர் திருகைப் பக்கத்துக்கு அரைச் சுற்றாக மாற்றி மாற்றித் திருகி, சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்தார். நடுச் செயினை விரலால் தூக்கிப் பார்த்தார். அரை அங்குலம் ஆடியது. அதற்கு மேல் இறுக்கினால் பால்ஸ் போய்விடும். பற்சக்கரம் முழு வட்டமாக இருக்காது என்பதால் பெடலைக் கால் கால் சுற்றாகத் திருப்பி நான்கு இடத்தில் பார்த்தார். எல்லாம் சரி. ஏறி மிதித்தார். கர்ர்.

மூன்றாம் நாள் உரசும் இடத்தைக் கண்டுபிடித்தார். சீட்டிலிருந்து பின் அச்சுக்கு இறங்கும் வலது குழாயின் அடிப்பகுதி, உள்பக்கம். பெயின்ட் போய், நகக்கணு அகலத்துக்கு வெள்ளிக் கோடு. செயின் கடினப்படுத்திய எஃகு. குழாய் மிருதுவான இரும்பு. இரண்டும் தேய்த்துக்கொண்டால் தோற்பது குழாய்தான். விட்டுவைத்தால் கோடு பள்ளமாகும். கேரியரில் கனம் இருக்கும் ஒரு நாளில் பள்ளம் விரிசலாகும். இது அவருக்குத் தெரியும்.

வலது பக்கம் அச்சில் ஒரு வாஷர் கூடுதலாகப் போட்டார். குழாய் ஒரு இழை வெளியே தள்ளிக் கொடுத்தது. சத்தம் நின்றது. ஆனால் சக்கரம் இடப்பக்கம் நகர்ந்து பிரேக் கட்டையில் தேய ஆரம்பித்தது. ஸ்போக்குகளைத் திருகி ரிம்மை நடுவுக்குக் கொண்டுவந்தார். பிரேக் விட்டது. இரண்டு நாளில் செயின் மறுபடி உரசியது. கடைசியாக, பழைய டியூபிலிருந்து ஒரு பட்டை வெட்டிக் குழாயில் சுற்றினார். செயின் இப்போது ரப்பரைத் தின்றது. சத்தம் மட்டும் மாறியது.

ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று கெடுகிறது என்றால், பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். முப்பத்தேழு வருஷம் ஃபிட்டராக இருந்தவருக்கு இது தெரியாதா? தெரியும். பார்க்க வேண்டிய இடம் எது என்பதும் தெரியும். அதைப் பார்க்கத்தான் அவருக்கு மனசில்லை.

இரண்டு வாரம் கழித்து, அவர் மதியம் தூங்கிக்கொண்டிருந்தபோது, மனைவியே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனார். சாலை ஓரத்தில் நீலத் தார்ப்பாய் கட்டிய கடை. பாதி வேலை மோட்டார் பைக். ஆனால் அப்பா காலத்திலிருந்தே சைக்கிள் பார்க்கும் குடும்பம். விழித்துப் பார்த்தவர் சைக்கிளைக் காணாமல், பதறிக்கொண்டு பின்னாலேயே வந்து சேர்ந்தார்.

அந்த இளைஞர் செயினைத் தொடவே இல்லை. பின்சக்கரத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஒரு பந்து நூலை எடுத்தார். இடது பக்கம் அச்சு உட்காரும் இடத்தில் கட்டி, ஹேண்டிலுக்குக் கீழே உள்ள தலைக்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து, வலது பக்கம் அச்சு உட்காரும் இடத்தில் இழுத்துக் கட்டினார். சீட்டுக் குழாயின் இரு பக்கமும் நூல் விறைப்பாக நின்றது. நூலுக்கும் குழாய்க்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளந்தார். நேரான ஃபிரேமில் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். இடது பக்கம் 25 மில்லிமீட்டர். வலது பக்கம் 18.

"காகா, இது செயின் கோளாறு இல்லை" என்றார் இந்தியில். "ஃபிரேம் பெண்டாகியிருக்கு. வலது பக்கம் ஏதோ கல்லில் பலமா இடிச்சிருக்கு. நட்டு முனை பாருங்க, நசுங்கியிருக்கு. எங்கே விழுந்தீங்க?"

அவர் பதில் சொல்லவில்லை. மனைவி அவருடைய வலது முழங்கையைப் பார்த்தார். இரண்டு வாரமாக வீட்டிலும் ஏன் முழுக்கைச் சட்டை என்று அப்போதுதான் புரிந்தது. நசுங்கின தக்காளியும் நினைவுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு சொன்னார். அன்று இருட்டும் நேரம். வலது பக்கம் திரும்ப வேண்டும். சாலை நடுவில் இருந்த தடுப்புக்கல்லை அவர் பார்க்கவில்லை. கவனிக்காமல் இல்லை, அந்த இடத்தில் கல்லே இல்லை, அவருக்குத் தெரிந்தவரை. சக்கரம் மோதி, சைக்கிளோடு கல்லின் மேலேயே வலது பக்கமாகச் சாய்ந்தார். பின்னால் வந்த ஆட்டோ பிரேக் போட்டு நின்றது. அது பஸ்ஸாக இருந்திருந்தால் என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை, மனைவியும் எடுக்கவில்லை.

"ஏங்க சொல்லல?"

"சொன்னா சைக்கிளை வித்துடுவீங்க."

பேசப் பேச, மற்றவையும் வெளியே வந்தன. ஆறு மாதமாகச் சாப்பாட்டு நேரத்தில் வலது பக்கம் வைக்கும் தண்ணீர் டம்ளர் கை பட்டுக் கவிழ்ந்துகொண்டிருந்தது. டம்ளரைத் தள்ளி வைக்காததற்காக மனைவி திட்டு வாங்கியிருக்கிறார். கதவு நிலையில் தோள் இடித்தது. கதவை ஒருவர் பாதி சாத்தி வைத்ததாகக் கோபம். படியில் தடுமாறினார், பல்பு மங்கல் என்று மாற்றினார். எண்ணெய், வாஷர், ரப்பர் பட்டை என்று சைக்கிளுக்குச் செய்ததையேதான் ஆறு மாதமாகத் தனக்கும் செய்துகொண்டிருந்தார்.

சிஞ்ச்வடிலிருந்து மகள் வந்து கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். கண்ணின் அழுத்தத்தை அளந்தார்கள். நரம்பைப் பார்த்தார்கள். ஒரு கிண்ணம் போன்ற கருவிக்குள் தலையை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். முடிவுத் தாளில் வலது கண்ணுக்கான வட்டத்தின் ஓரமெல்லாம் கறுப்பு. இடது கண்ணிலும் தொடக்கம். க்ளாக்கோமா.

நேராகப் பார்ப்பது கடைசி வரை தெளிவாக இருக்கும். ஓரம்தான் முதலில் போகும். அந்த ஓரம் இருட்டாகத் தெரிந்தாலாவது ஆள் சுதாரித்துக்கொள்வார். அப்படித் தெரியாது. விட்ட இடத்தை மூளை தானே இட்டு நிரப்பிவிடும். அதனால்தான் கல் இருந்த இடத்தில் அவருக்கு வெறும் சாலை தெரிந்தது. வலி இல்லை, சிவப்பு இல்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் தமிழகத்தின் தென் மாவட்டங்களில் நடத்திய ஆய்வில், இந்த நோய் இருந்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு அது இருப்பதே தெரியாமல் இருந்தது. போன பார்வையைத் திருப்பிக் கொண்டுவர வழியில்லை. சொட்டு மருந்தால் அழுத்தத்தைக் குறைத்து, மீதியைக் காப்பாற்றலாம். அதற்கும் நேரத்தோடு வர வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் எல்லோரும், குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் கட்டாயமாக, கண் அழுத்தத்தையும் நரம்பையும் சோதிக்க வேண்டும் என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான். அவருடைய தந்தை கடைசிக் காலத்தில் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தது அவருக்கு நினைவு வந்தது. வயசாச்சு, கண்ணு போச்சு என்று ஊரில் அப்போது விட்டுவிட்டார்கள்.

"இன்னும் தாமதமாக வந்திருந்தால்?" என்று மகள் கேட்டார். டாக்டர் நேராகப் பதில் சொல்லாமல், மகளின் கண்ணையும் சோதிக்கச் சொன்னார்.

ஃபிரேமை இளைஞர் நிமிர்த்திக் கொடுத்தார். இந்த வகைப் பழைய இரும்பில் இது முடியும்; ஒரு முறை முடியும், அடிக்கடி கூடாது. ஒரு நீளமான பைப்பை நெம்புகோலாக வைத்துக் கொஞ்சம் அழுத்துவது, நூலைப் பார்ப்பது, மறுபடி அழுத்துவது. சுத்தியல் கிடையாது. 18 என்பது 20 ஆகி, 23 ஆகி, 25-ல் நின்றது. பற்றவைத்த மூட்டில் விரிசல் இருக்கிறதா என்று துணியால் துடைத்துப் பார்த்தார். இல்லை. கூடுதல் வாஷரையும் ரப்பர் பட்டையையும் எடுத்துவிட்டுச் சக்கரத்தை மாட்டிப் பெடலைச் சுற்றினார். செயின் குழாயைத் தொடாமல் ஓடியது. வெள்ளிக் கோட்டின் மேல் துருப் பிடிக்காமலிருக்கக் கொஞ்சம் கறுப்பு பெயின்ட் தடவினார். அருகில் போய்ப் பார்த்தால் இன்னும் தெரிகிறது.

சைக்கிளை யாரும் விற்கவில்லை. அதில் ஏறுவதை அவரே விட்டுவிட்டார். அது சுலபமாக நடக்கவில்லை. ஒரு வாரம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. பிறகு ஒரு காலை வழக்கம்போல் சைக்கிளை வெளியே எடுத்தார். மனைவி வாசலில் வந்து நின்றார். அவர் ஏறவில்லை. கேரியரில் பையை மாட்டிக்கொண்டு, இடது பக்கமாக நின்று தள்ளிக்கொண்டே பஜாருக்கு நடந்தார். வலது பக்கம் யாராவது உரசிப் போனால் முதலில் சைக்கிள் தாங்கும். இருட்டும் முன் வீடு திரும்பிவிடுகிறார்.

எண்ணெய் போடும் வழக்கம் மாறவில்லை. நாட்காட்டியில் முதல் தேதியின் மேல் பென்சில் வட்டம் இப்போதும் இருக்கிறது. அதோடு, ஒவ்வொரு நாள் கட்டத்திலும் ஒரு சிறு புள்ளி. இரவு ஒன்பது மணிக்கு இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டதற்கு அடையாளம். புள்ளி வைப்பது மனைவி. மருந்து விட்ட பிறகுதான் வைக்கிறார்.