குப்பத்துக் கைப்பந்தின் மூலம்

மாமல்லபுரத்துக்கு வடக்கேயும் தெற்கேயும் உள்ள மீனவக் குப்பங்களில் மாலை நேர ஆட்டம் என்றால் கைப்பந்துதான். கோவளம், நெம்மேலி, தேவனேரி, கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என்று கடலோரமாகவே போனால், படகுகளை ஏற்றி வைத்திருக்கும் மணல்மேட்டுக்குப் பின்னால் எங்காவது ஓரிடத்தில் வலை கட்டியிருக்கும். இரண்டு சவுக்குக் கம்பு, நடுவில் வலை, எல்லைக்கு நைலான் கயிறு. மணலில் முளை அடித்தால் நிற்காது என்பதால் கயிற்றின் முனையில் ஒரு குச்சியைக் குறுக்காகக் கட்டி, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைத்துவிடுகிறார்கள். எத்தனை பேர் அதில் தடுக்கி விழுந்தாலும் கயிறு பிடுங்கிக்கொண்டு வருவதில்லை. நாணயம் சுண்டி வென்றவர் பெரும்பாலும் சர்வீஸைக் கேட்பதில்லை, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக் களத்தைத்தான் கேட்கிறார். காணும் பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் நடக்கும் போட்டிகளில் ஊர் மானமே அந்த வலைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று நிற்கும்.

இந்த ஆட்டத்தின் மூலம் அமெரிக்காவில் இருந்த ஒரு சின்னக் கல்லூரியின் கால்பந்து அணி. உதைக்கும் கால்பந்து அல்ல. நீள்வட்டப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும், ஓடுகிறவரை மேலே விழுந்து சாய்ப்பதுமான அமெரிக்கக் கால்பந்து. ஆளை ஆள் தொடவே கூடாத கைப்பந்துக்கும் அதற்கும் என்ன உறவு என்ற கேள்விதான் என்னைத் தேட வைத்தது. இந்தக் குப்பங்கள் இருக்கும் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து பின்னோக்கிப் போனால் அந்த உறவு கண்ணி கண்ணியாகக் கிடைக்கிறது.

முதல் கண்ணி ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. இன்று ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். ஆனால் 1950கள் வரை இந்தியாவில் ஒன்பது பேர் ஆட்டம் பரவலாக இருந்தது. அது ஆசியாவுக்கே உரிய முறை. பிலிப்பைன்ஸில் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் உடற்பயிற்சி இயக்குநராக இருந்த எல்வுட் பிரவுன் 1910 வாக்கில் இந்த ஆட்டத்தை அங்கே பரப்பினார். 1913இல் மணிலாவில் நடந்த தூரக் கிழக்குப் போட்டிகளில் ஒரு பக்கத்துக்குப் பதினாறு பேர் ஆடினார்கள். அந்த எண்ணிக்கை பிறகு குறைந்து ஒன்பதில் வந்து நின்றது. 1958இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஒன்பது பேர் ஆட்டம், ஆறு பேர் ஆட்டம் இரண்டுக்குமே பதக்கம் இருந்தது; ஆறு பேர் ஆட்டத்தில் இந்தியா வெண்கலம் வென்றது. இந்தியக் கைப்பந்து சம்மேளனம் அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்புதான், 1951இல், தோன்றியிருந்தது. சம்மேளனம் வருவதற்கு முன்பே ஆட்டம் ஊர்களுக்குள் வந்துவிட்டது என்றால், அதைக் கொண்டுவந்தவர்கள் வேறு யாரோ.

அவர்கள் பள்ளிக்கூடத்து பி.இ.டி. மாஸ்டர்கள். ஊதலும் கையுமாக வெயிலில் நின்ற அந்த ஆசிரியர்களைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் புது ஆட்டங்கள் வந்த வழி அவர்கள் வழிதான். ஒரு பந்து, ஒரு வலை, இரண்டு கம்பு கிடைத்தால் அறுபது பிள்ளைகளையும் சுழற்சி முறையில் ஆட வைத்துவிடலாம். கூடைப்பந்துக்குச் சிமெண்டுத் தரையும் பலகையும் வளையமும் வேண்டும். அதனால் அது பள்ளி, கல்லூரி வளாகங்களைத் தாண்டி அதிகம் போகவில்லை. கைப்பந்துக்கு மணலே போதும். கடற்கரையில் அது வேர்விட்டதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

அந்த மாஸ்டர்களுக்குக் கற்றுக்கொடுத்த இடம் எது? இன்று அதற்கான பல்கலைக்கழகம் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே இருக்கிறது. வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. அதோடு இணைந்த கல்லூரிகளில் மூத்தது சென்னை நந்தனத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி. 1920இல் தொடங்கிய அது ஆசியாவிலேயே முதல் உடற்கல்விக் கல்லூரி என்று சொல்லப்படுகிறது. அடையாற்றங்கரையில் சுமார் 65 ஏக்கரில் அது குடியேறியது 1930களில். பக்கத்துச் சைதாப்பேட்டை நெடுங்காலம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் தலைமையிடமாக இருந்த ஊர். ஆகவே செங்கல்பட்டுப் பள்ளிகளுக்கு அந்தக் கல்லூரி தொலைதூரத்து நிறுவனம் அல்ல.

கல்லூரியை நிறுவியவர் ஹாரி குரோ பக். 1884இல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். மனைவி மேரி பக்கும் அவருடன் கல்லூரிப் பணியில் தோள்கொடுத்தார். சென்னை எஸ்பிளனேடில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களோடு பக் அதைத் தொடங்கினார். அதுவரை மதராஸ் மாகாணப் பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால் டிரில். ஓய்வுபெற்ற சிப்பாய் ஒருவர் வந்து, வரிசையில் நிற்க வைத்து, கையைத் தூக்கு, காலைத் தூக்கு என்பார். பக் அந்த இடத்தில் விளையாட்டைக் கொண்டுவந்தார். ஆட்டமும் பாடம்தான், அதைச் சொல்லிக்கொடுப்பவரும் பயிற்சி பெற்ற ஆசிரியராக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆட்ட விதிகளைத் தொகுத்து நூலாக்கினார், ‘வியாயாம்’ என்ற இதழை நடத்தினார், உடற்கல்வியில் மாகாண அரசுக்கு ஆலோசகராகவும் இருந்தார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்தியத் தடகள அணியை அழைத்துச் சென்றவரும் அவரே. 1943இல் இறந்தார். தமிழ்நாட்டுப் பள்ளி மைதானங்களின் கதையில் இவருக்கு இருக்கும் இடம் மிகப் பெரியது. கிடைத்திருக்கும் பெயர் மிகச் சிறியது.

கைப்பந்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் பக் ஒருவரே என்று சொல்ல முடியாது. சீனா, பர்மா, இந்தியா ஆகிய நாடுகளில் அதைப் பரப்பியவராக ஜே.எச். கிரே என்ற இன்னொரு ஒய்.எம்.சி.ஏ. இயக்குநரின் பெயரும் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. ஆனால் ஆட்டத்தைக் காட்டிவிட்டுப் போவது வேறு, அதைக் கற்றுக்கொடுக்க ஆண்டுதோறும் ஆசிரியர்களை உருவாக்கி அனுப்புவது வேறு. இரண்டாவதைச் செய்தது பக்கின் கல்லூரி.

பக் படித்த இடம்தான் இந்தத் தேடலின் திருப்பம். மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரி அது. 1885இல் தொடங்கியது. இன்று ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரி என்ற பெயரில் இயங்குகிறது. சங்கத்துக்குச் செயலாளர்களையும் உடற்பயிற்சி இயக்குநர்களையும் தயார்செய்வது அதன் வேலை. 1890இல் அங்கே நாற்பதுக்குச் சற்று அதிகமான மாணவர்களே இருந்தார்கள். அந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு அவர்கள் ஓர் அமெரிக்கக் கால்பந்து அணியைக் கட்டினார்கள்.

அணியைக் கட்டியவர் அமோஸ் அலோன்சோ ஸ்டாக். யேல் பல்கலைக்கழக அணியில் ஆடிப் பேர்பெற்றவர். 1889இல் முதன்முதலாக அறிவிக்கப்பட்ட அகில அமெரிக்க அணியில் அவர் பெயர் இருந்தது. பாதிரியாராகப் போவதாக இருந்தவர், மேடைப் பேச்சு தனக்கு வராது என்று உணர்ந்து, மைதானத்தின் வழியாகவே இளைஞர்களிடம் போகலாம் என்று ஸ்பிரிங்ஃபீல்டுக்கு வந்தார். மாணவராகவும் பயிற்சியாளராகவும் ஒரே நேரத்தில் இருந்தார். அவர் ஆட்கள் பெரும்பாலும் உயரத்திலும் எடையிலும் குறைந்தவர்கள். பெரிய கல்லூரிகளின் மல்லர்களோடு மோதியபோது பத்திரிகைகள் அவர்களை ‘ஸ்டாக்கின் குட்டைக் கிறிஸ்தவர்கள்’ என்று எழுதின.

1890 டிசம்பர் 12ஆம் தேதி நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் அந்த அணி யேலை எதிர்த்து ஆடியது. கூரைக்குக் கீழே ஆடப்பட்ட முதல் கால்பந்து ஆட்டங்களில் அது ஒன்று. யேல் அன்று நாட்டின் தலைசிறந்த அணிகளில் ஒன்று. 16–10 என்று யேல் வென்றது. நாற்பது சொச்சம் மாணவர்களே உள்ள கல்லூரி, யேலிடம் ஆறு புள்ளி வித்தியாசத்தில்தான் தோற்றது. இந்த ஒரு ஆட்டத்துக்காகவே அந்த அணி நினைவில் நிற்க வேண்டும்.

அணியின் நடுவில் நின்று பந்தைப் பின்னால் அனுப்பும் சென்டர் இடத்தில் ஆடியவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். கனடாவில் 1861இல் பிறந்து, மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரக்பி ஆடி, இறையியல் படித்துவிட்டு 1890இல் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு வந்தவர். தலைக்கவசம் இல்லாத காலம் அது. முட்டி மோதிக் காது பிய்ந்துவிடும்போல் இருந்ததால், அவரே காதுகளை மூடும் ஒரு காப்பைச் செய்து மாட்டிக்கொண்டு ஆடினார்.

கால்பந்துப் பருவம் முடிந்தால் பனிக்காலம். மைதானம் உறைந்துவிடும். மாணவர்கள் கூடத்துக்குள் டிரில் செய்ய வேண்டும். கால்பந்து ஆடித் திளைத்த கால்கள் டிரிலுக்கு இணங்கவில்லை. பதினெட்டுப் பேர் கொண்ட அந்த வகுப்பு இரண்டு ஆசிரியர்களைச் சலிப்படைய வைத்தது. துறைத் தலைவர் லூதர் குலிக் மூன்றாவதாக நெய்ஸ்மித்திடம் அதை ஒப்படைத்து, கூடத்துக்குள் ஆடக்கூடிய புது ஆட்டம் ஒன்றைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் கொடுத்தார். நெய்ஸ்மித் முதலில் பழைய ஆட்டங்களையே கூடத்துக்கு ஏற்ப மாற்றிப் பார்த்தார். கால்பந்தை மெதுவாக ஆடச் சொன்னால் அது ஆட்டமாகவே இல்லை, வேகமாக ஆடவிட்டால் மரத்தரையில் எலும்பு முறியும்.

அதன் பிறகு அவர் கேட்டுக்கொண்ட கேள்விதான் எல்லாவற்றுக்கும் மூலம். கால்பந்தில் ஏன் ஆளைச் சாய்க்கிறார்கள்? பந்தோடு ஓடுகிறான், அவனை நிறுத்தியாக வேண்டும், அதனால் சாய்க்கிறார்கள். பந்தோடு ஓடக் கூடாது என்று விதி வைத்துவிட்டால்? சாய்க்க வேண்டிய தேவையே இல்லை. அங்கிருந்து மற்றவை வரிசையாக வந்தன. இலக்கு தரையில் இருந்தால் வேகமாக எறிவார்கள், காவலுக்கு நெருக்கியடித்து நிற்பார்கள். ஆகவே இலக்கைத் தலைக்கு மேலே கொண்டுபோனார். கூடத்தின் சுற்றுப் பால்கனியில் பத்தடி உயரத்தில் பீச் பழக்கூடைகள் இரண்டு அடிக்கப்பட்டன. 1891 டிசம்பரில் பதின்மூன்று விதிகளைத் தட்டச்சு செய்து பலகையில் ஒட்டி, பக்கத்துக்கு ஒன்பது பேராக ஆட விட்டார். அந்த முதல் கூடைப்பந்து ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு கூடை. வகுப்பின் குறும்புக்காரத் தலைவனும் கால்பந்து அணியின் வீரனுமான ஃபிராங்க் மஹன் அந்த விதித் தாளை நினைவுப் பொருளாகக் கழற்றி எடுத்துப்போய்ப் பிறகு திருப்பிக் கொடுத்தார். 2010இல் அது நாற்பது லட்சம் டாலருக்கும் மேல் ஏலம் போனது. அந்த வகுப்பில் இருந்த டங்கன் பேட்டன் 1894இல் கூடைப்பந்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்ததாக வரலாறு சொல்கிறது.

கைப்பந்து அடுத்த படி. ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த வில்லியம் மோர்கனும் கால்பந்து ஆடியவர்தான். அவரை அந்தக் கல்லூரிக்கு வரத் தூண்டியவர் நெய்ஸ்மித். பக்கத்து ஊரான ஹோலியோக்கில் ஒய்.எம்.சி.ஏ. இயக்குநராக இருந்தபோது, நடுவயது வியாபாரிகளுக்குக் கூடைப்பந்துகூட மூச்சு வாங்க வைப்பதை மோர்கன் கண்டார். 1895இல் நடுவே ஆறரை அடி உயரத்தில் வலையைக் கட்டி இரண்டு தரப்பையும் பிரித்துவிட்டார். அடுத்த ஆண்டு ஸ்பிரிங்ஃபீல்டில் கூடிய உடற்பயிற்சி இயக்குநர்கள் முன்னிலையில் ஐந்து ஐந்து பேராக ஆடிக் காட்டினார்கள். ஓர் அணிக்கு ஹோலியோக் நகர மேயர் தலைவர், மற்ற அணிக்குத் தீயணைப்புத் துறைத் தலைவர்.

மோதலைக் குறைத்துக்கொண்டே வந்த ஒரே சிந்தனை இது. நெய்ஸ்மித் பந்தோடு ஓடுவதை நீக்கினார், மோர்கன் எதிரியைத் தொடுவதையே நீக்கினார். மோர்கன் கட்டிய ஆறரை அடி வலை இன்று ஆண்களுக்கு 2.43 மீட்டருக்கும், பெண்களுக்கு 2.24 மீட்டருக்கும் உயர்ந்திருக்கிறது. அடிப்படை மாறவில்லை.

மதராஸில் ஒய்.எம்.சி.ஏ.வை டேவிட் மக்கானகி என்ற அமெரிக்கர் நிறுவியதும் ஸ்டாக்கின் அணி யேலோடு மோதிய அதே 1890இல்தான். பக் பின்னாளில் வகுப்பு தொடங்கிய எஸ்பிளனேடு கட்டடத்துக்குப் பணம் தந்தவர் பிலடெல்பியாவின் ஜவுளிக்கடை முதலாளி ஜான் வானமேக்கர். ஸ்பிரிங்ஃபீல்டில் உருவான ஆட்டங்கள் வந்து இறங்க இடம் இங்கே முன்பே தயாராக இருந்தது.

அப்படியானால் மூல ஆட்டமான அமெரிக்கக் கால்பந்து மட்டும் ஏன் வரவில்லை? முதல் காரணம் அதன் முரட்டுத்தனம். 1905ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் பதினெட்டுப் பேர் வரை இறந்ததாகப் பத்திரிகைகள் கணக்குக் கொடுத்தன. குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டே தலையிட்டு, 1906இல் விதிகளை மாற்ற வேண்டியிருந்தது. அப்படி ஓர் ஆட்டத்தை இந்தியப் பள்ளிகளுக்கு எந்த ஒய்.எம்.சி.ஏ. இயக்குநரும் பரிந்துரைத்திருக்க முடியாது. இரண்டாவது காரணம் செலவு: கவசமும் திண்டும் இல்லாமல் அதைப் பாதுகாப்பாக ஆட முடியாது. மூன்றாவது காரணம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஓடுகிறவனைப் பிடித்துச் சாய்க்கும் ஆட்டம் இந்த மண்ணில் ஏற்கெனவே இருந்தது. அது சடுகுடு, அதாவது கபடி. பாடிக்கொண்டு உள்ளே வருகிறவனின் கணுக்காலைப் பிடித்து, இடுப்பைக் கட்டி, கோட்டைத் தொடவிடாமல் அமுக்குவதில் கால்பந்தின் அந்தப் பாதி அப்படியே இருக்கிறது. பந்தும் வேண்டாம், கவசமும் வேண்டாம். இந்தியாவிலிருந்து போன அமராவதி ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் குழு 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அதை ஆடிக் காட்டியது. 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி பதக்கப் போட்டியானது. மூல அணியின் கதைக்குத் திரும்பினால், ஸ்டாக் 1892இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போய் அங்கே நாற்பது ஆண்டுகள் பயிற்சியாளராக இருந்தார். ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரி இன்றும் அமெரிக்கக் கால்பந்து அணியை நடத்தி வருகிறது.