அப்பாவின் நாட்காட்டி



மார்கழிப் பனி வந்தால் மாதவரத்தில் எனக்கு இளைப்பும் வந்துவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப்பின் வீட்டுச் சுவரில் பூசணம் பூத்தது, இளைப்பு ஓயவில்லை.

“பொதுத்தேர்வுக்கு 75 விழுக்காடு வருகை வேண்டுமே!” என்று அப்பா நாட்காட்டியில் விடுப்புகளை எண்ணுவார். “முதலில் பிள்ளை மூச்சுவிடட்டும்” என்பார் அம்மா. அவர்கள் மனத்தாங்கலுக்கு அஞ்சி, ஒருநாள் இளைப்பை மறைத்துப் பள்ளிக்கு வந்தேன்; காலை வழிபாட்டிலேயே மயங்கி விழுந்தேன்.

வகுப்பாசிரியையான அருட்சகோதரி பெற்றோரை அழைத்தார். மருத்துவச் சான்றிதழுடன் வருகைக் குறைவுக்கு விலக்குக் கேட்கலாம் என்று விளக்கினார். விடுபட்ட பாடங்களைத் தோழியர் எழுதித் தந்தனர்.

இப்பொழுது நான் இளைப்பை மறைப்பதில்லை. அப்பாவின் நாட்காட்டியில் விடுப்பு நாள்களோடு, நான் இன்ஹேலர் எடுத்த நாள்களும் இருக்கின்றன.