மணிக்கு ஒரு வீடு

நாய்களைத் தத்துக் கொடுக்கும் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளையாக, புசுபுசுவென்று ஒரு குட்டியின் படம் காலையில் வந்தால், பல நேரம் மதியத்துக்குள் ஆள் கிடைத்துவிடும். கறுப்புக் குட்டி காத்திருக்கும். பெண் குட்டி இன்னும் காத்திருக்கும். பின்னங்கால் இரண்டும் செயலிழந்த நாட்டு நாயின் படம் வந்தால்? 'ஐயோ பாவம்' என்று வரிசையாக வரும், கைகூப்பும் எமோஜிகள் வரும். வீட்டு முகவரி மட்டும் வராது.

மணிக்கும் அதுதான் நடந்தது. தாம்பரம் பக்கம் காரில் அடிபட்டுக் கிடந்தவனை, தையல் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா ஆட்டோவில் போட்டுக்கொண்டு வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கு ஓடினார். எக்ஸ்ரேயில் முதுகெலும்பு முறிந்திருந்தது. கால் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "ஊசி போட்டுடலாமே" என்றார்கள் தெருவில். ஆனால் மணி சாப்பிட்டான், குரைத்தான், ஆள் வந்தால் காதை மடக்கிக்கொண்டு குழைந்தான். வால் அசையாது. சந்தோஷமெல்லாம் காதில்தான்.

அக்கா இருந்தது வாடகை போர்ஷன். ஹவுஸ் ஓனர் ஒரு மாதம் கெடு கொடுத்தார். கருத்தடை செய்த தெருநாயைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்கின்றன 2023-ம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள். நடக்கிற நாய்க்கு அது சரி. இழுத்துக்கொண்டு நகரும் நாய் தெருவில் எத்தனை நாள் தாங்கும்? காப்பகங்களுக்கோ தினமும் அடிபட்டவை வந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றுக்கும் ஆயுள் முழுக்க இடம் கொடுக்க எந்தக் காப்பகத்தாலும் முடியாது.

அக்கா முதலில் போட்ட பதிவு, படித்தவர்கள் கண் கலங்கும்படி இருந்தது. ஒரு குடும்பம் மறுநாளே வந்து தூக்கிக்கொண்டு போனது. ஒன்பதாம் நாள் திரும்பக் கொண்டுவந்து விட்டது. இடுப்பில் தோல் உரிந்து புண், சிறுநீரில் சீழ் வாடை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. சிறுநீரைக் கையால் எடுத்துவிட வேண்டும் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

முதுகெலும்பில் அடிபட்ட பல நாய்களுக்கு மூத்திரப்பை தானாகக் காலியாகாது. ஒரு நாளைக்கு மூன்று, நான்கு தடவை அடிவயிற்றை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக அழுத்த வேண்டும். தேங்கினால் தொற்று, அது ஏறினால் சிறுநீரகம் கெடும். வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்கிற விஷயமும் இல்லை. டாக்டர் பக்கத்தில் நின்று, நம் கைமேல் கை வைத்துச் சொல்லித்தர வேண்டும். தரை சிமென்ட்டாக இருந்தால் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாகும். கனமான மெத்தை வேண்டும். பி.வி.சி. பைப்பில் செய்த சக்கரவண்டியைப் பார்த்ததும் எல்லோருக்கும் பிரச்னை தீர்ந்ததுபோல ஒரு நிம்மதி வரும். அது வாக்கிங் போகிற நேரத்துக்கு மட்டும்தான். நாள் முழுக்க மாட்டிவிட்டால் நாயால் படுக்கவே முடியாது.

ஊனமுள்ள எல்லா நாய்க்கும் இவ்வளவு வேலை இல்லை. மூன்று காலோடு இருக்கும் நாய் பெரும்பாலும் சில வாரங்களில் பழகி ஓட ஆரம்பித்துவிடும். பார்வை இல்லாததற்கு சோபா, நாற்காலியை இடம் மாற்றாமல் இருந்தாலே பாதி உதவி. காது கேளாததைத் தூக்கத்தில் சட்டென்று தொடக்கூடாது, தரையில் காலைத் தட்டி எழுப்ப வேண்டும். டிஸ்டெம்பரிலிருந்து பிழைத்த சில நாய்களுக்குக் கால் வெட்டிவெட்டி இழுக்கும். வெறிநோய் என்று பயந்து சிலர் துரத்துகிறார்கள். இரண்டும் வேறு வேறு நோய்.

இரண்டாவது பதிவில் அக்கா எல்லாவற்றையும் எழுதினார். எத்தனை தடவை எடுத்துவிட வேண்டும், டயப்பருக்கு எவ்வளவு ஆகும், புண் வந்தால் என்ன செய்வது என்று ஒன்று விடாமல். கடைசியில், 'அழுகிறவங்க வேண்டாம். மதியம் வீட்ல இருக்கிறவங்க வேணும்' என்று ஒரு வரி. கொஞ்சம் முரட்டு வரிதான். ஆனால் தேவையான வரி.

கூப்பிட்டது மூன்றே பேர். ஒருவர் காவலுக்கு ஆகுமா என்று கேட்டார். இன்னொருவருக்கு வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. மூன்றாவது, ஓய்வுபெற்ற ஒரு நர்ஸம்மா. அக்கா தயங்கித் தயங்கி மூத்திர விஷயத்தை ஆரம்பித்தபோது, "வார்டுல முப்பது வருஷம் இதைத்தானேம்மா பாத்தேன். வந்து பாக்கறேன், நீ காட்டு" என்றார்.

வந்தார், ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. மூன்றாம் தடவை அக்கா கை வைக்கவே இல்லை. பிறகு அக்கா அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். தரைத்தளம், சொந்த வீடு, வழவழ டைல்ஸ்மேல் ரப்பர் பாய். கேட்டின் கீழே இருந்த இடைவெளியைப் பலகை வைத்து அடைத்துவிட்டு, இரண்டு வாரம் சோதனை என்று பேசிக்கொண்டார்கள். முடியவில்லை என்றால் கோபமில்லாமல் திரும்ப வாங்கிக்கொள்வதாக அக்கா வாக்குக் கொடுத்தார். எங்கே வைத்துக்கொள்வார் என்பது அவருக்கே தெரியாது.

ஒன்பதாம் நாள் அக்கா தையல் மிஷின் மேலேயே போனை வைத்திருந்தார். ராத்திரி எட்டு மணிக்கு அடித்தது.

"ஏம்மா, அந்த வண்டிச் சக்கரம் ஒண்ணு தேஞ்சு போச்சு. தெருக்கோடி வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போறான். புதுசு எங்க கிடைக்கும்?"