போன பார்வையும் இருக்கிற பார்வையும்

என் மாமியாருக்கு இரண்டு கண்ணிலும் கிளாக்கோமா. வலது கண்ணில் புரையும் முற்றியிருந்தது. "ஒரே தடவையில் இரண்டுக்கும் சேர்த்து ஆபரேஷன் செய்துவிடலாம்" என்றார் டாக்டர். மாமியாருக்கு ஏக சந்தோஷம். "பக்கத்தாத்து மாமி மறுநாளே காலண்டர்ல தேதி படிச்சாளே! எனக்கும் பழைய பார்வை வந்துடும்" என்றார்.

டாக்டர் அவரை எதிரில் உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினார். "புரை என்பது கண்ணின் லென்ஸ் மங்கிப்போவது. அதை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைத்தால் தெளிவு வரும். கிளாக்கோமா அப்படியில்லை. கண்ணுக்குள் ஊறும் நீர் சரியாக வடியாமல் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பைக் கெடுத்துவிடுகிறது. கெட்ட நரம்பு திரும்பாதும்மா. நீர் வடிய ஒரு சின்ன வழி செய்து, மிச்சப் பார்வையைக் காப்பாற்றத்தான் இது." அந்த வடிகால் முறைக்கு டிராபெகுலெக்டமி என்று பெயராம். 1968-லேயே கெயர்ன்ஸ் என்ற டாக்டர் விவரித்த முறை.

கேட்டதும் மாமியார் முகம் வாடிவிட்டது. ஆனால் முன்கூட்டியே தெரிந்துகொண்டது எவ்வளவு நல்லது! இப்போது முறத்து அரிசியில் கல் பொறுக்குகிறார். பக்கத்தில் வைத்த காபி டம்ளரையோ தட்டிவிடுகிறார். பக்கப் பார்வை போனது போனதுதான். "ஆபரேஷன் சரியில்லை" என்று யாரும் கலங்கவில்லை. டம்ளரை நேர் எதிரில் வைக்கப் பழகிக்கொண்டோம். 28 இருந்த அழுத்தம் 14-க்கு இறங்கியதே, அதுதான் எங்களுக்கு வெற்றி.

ஆபரேஷன் ஆனவர்களைக் கவனிக்கும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். கண்ணைக் கசக்கவே கூடாது. டாக்டர் சொல்லும்வரை கனம் தூக்குவது, குனிந்து கோலம் போடுவது, தலைக்கு ஊற்றிக்கொள்வது எதுவும் வேண்டாம். மேல் இமைக்கு அடியில் நீர் வடியும் இடம் சின்னக் கொப்புளம் போலத் தெரியலாம், பயப்படாதீர்கள். ஆனால் எத்தனை வருஷம் கழித்தானாலும் கண் சிவந்தாலோ, வலித்தாலோ, பீளை தள்ளினாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். சொட்டு மருந்தை நாமாக நிறுத்துவதும் தொடர்வதும் ஆபத்து. அழுத்தப் பரிசோதனை ஆயுள் முழுக்க உண்டு.

இன்னொன்று. கிளாக்கோமா பெரும்பாலும் வலியே இல்லாமல் வரும். ரத்த சம்பந்தமுள்ளவர்களுக்கு வர வாய்ப்பு அதிகம். என் கணவரும் நாத்தனாரும் கண்ணைச் சோதித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாருக்காவது இருந்தால், அவர்கள் பெற்ற பிள்ளைகளையும் கூடப் பிறந்தவர்களையும் கண் டாக்டரிடம் அனுப்பி வையுங்கள். "எனக்குத்தான் நன்றாகத் தெரிகிறதே" என்று அவர்கள் சொன்னால் விடாதீர்கள். நன்றாகத் தெரியும்போதே போகவேண்டிய பரிசோதனை இது.