தடித்த குழலும் தாழ்ந்த குரலும்

கடந்த மாதம் ஒரு ஞாயிறு இரவு. வெள்ளவத்தை வீட்டில் தொலைபேசி ஒலித்தது. ரொறன்ரோவிலிருந்து அக்காவின் மகன்.

"மாமா, ஒரு துவக்கு வாங்கப் போறன். விலை சரியோ எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ!"

என் கை தானாகவே வீதிப்பக்க யன்னலைச் சாத்தியது. யுத்தம் முடிந்தது 2009 இல். கைக்கு அது இன்னும் தெரியாது போலும்.

அவன் என்னைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. கொட்டாஞ்சேனையில் நான் வளர்ந்த ஒழுங்கையில் பறங்கிக் கனவான் ஒருவர் இருந்தார்; இலக்குச் சுடும் போட்டிகளில் வென்றவர். அவர் துவக்குத் துடைக்கும்போது அருகில் குந்தியிருந்து கேட்ட கதைகளை, மருமகன் சிறுவனாக இருந்தபோது அவனுக்குச் சொல்லியிருக்கிறேன்.

அவன் பார்த்திருந்தது ரெமிங்டன் 700; .308 ரவை, தடித்த குழல், கையால் இயக்கும் போல்ட். பழையது. தொலைநோக்கியோடும் தாங்குகாலோடும் சேர்த்து 1,700 டொலர்.

தடித்த குழல் எதற்கு? மெல்லிய குழல் தொடர்ந்து சுடும்போது விரைவில் சூடேறும். குறி மெல்ல விலகும். தடித்த குழல் மெதுவாகவே சூடேறும், விறைப்பாக நிற்கும். ஆனால் பாரம் அதிகம். காட்டில் சுமந்து திரிபவனுக்கு அது தண்டனை. படுத்திருந்து இலக்கு அடிப்பவனுக்கு வரம். அவன் சேர்ந்திருப்பது இலக்குச் சுடும் கழகம். ஆகவே தெரிவு சரி. விலைதான் கேள்வி.

"மூன்றையும் பிரித்து விலை கேள்" என்றேன். "அதே துவக்கின் புது விலையைக் கடையில் பார். எத்தனை சூடு கண்டது என்று கேள். .308 குழல் ஐயாயிரம் சூடு வரையும் உழைக்கும்; அதிவேக ரவைக் குழல்கள் அதில் பாதியிலேயே தேய்ந்துவிடும். குழல்வாய் விளிம்பில் நசிவு இருக்கிறதா பார். நூறு மீற்றரில் ஐந்து ரவை சுட்டுக் காட்டச் சொல். மூன்று சென்ரிமீற்றருக்குள் விழுந்தால் நல்லது. செய்த ஆண்டையும் கேள். 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை செய்த எக்ஸ்-மார்க் புரோ விசைகளை அந்த நிறுவனமே திருத்துவதற்காகத் திருப்பி அழைத்தது."

பிரித்துப் பார்த்தபோது, துவக்குக்கு மட்டும் ஏறத்தாழப் புது விலையே கேட்கப்பட்டிருந்தது. குழலோ மூவாயிரம் சூடு கண்டது. பேசி 1,350 டொலருக்கு முடித்தான்.

கொட்டாஞ்சேனைக் கனவான் 1982 இல் அவுஸ்திரேலியா போகுமுன் தன் துவக்கை விற்றார். வாங்க வந்தவர் அதன் பளபளப்பில் மயங்கி நல்ல விலை சொன்னார். இவரோ, "குழல் தேய்ந்துவிட்டது, பாதி போதும்" என்றார். குழலின் வயதை மறைத்து விலை பேசுவது களவு என்பது அவர் கொள்கை. நியாய விலை பற்றி அதைவிட நல்ல பாடத்தை நான் படித்ததில்லை.

அன்பர்களே, இந்த ஊரில் அச்சொல்லுக்கே வேறொரு விலை இருந்தது. 2007 ஜூன் 7 இல் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 370 பேருக்கு மேல் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்கு, கிழக்குக்கு அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அக்காலத்தில் செய்தியில் நாளுக்குப் பத்துத் தடவை 'துப்பாக்கி' என்று எழுதினேன். வீட்டுத் தொலைபேசியில் 'துவக்கு' என்று ஒருதரமும் சொன்னதில்லை.

சென்ற வாரம் மருமகன் மீண்டும் அழைத்தான். விற்பவர் இவனுடைய அனுமதிப் பத்திரத்தைச் சரிபார்த்து, அதிகாரிகளிடமிருந்து ஓர் எண்ணைப் பெற்றாராம். அவ்வளவுதான், துவக்கு கைக்கு வந்துவிட்டது. பஸ்ஸில் இருந்தபடியே உரத்த குரலில் சொல்லிக்கொண்டு போனான். நான் அவனுடைய ஐந்து ரவைகள் எங்கே விழுந்தன என்று கேட்டேன்.

"ஏன் மாமா இவ்வளவு மெதுவாக் கதைக்கிறியள்?" என்றான்.

"லைன் சரியில்லை, தம்பி" என்றேன்.